இரண்டாவது கையெழுத்து

றஜிதாவின் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று எங்கள் தமிழ்ப் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

பலேர்மோவுக்கு நான் அவளுக்கு நான்கு வருடம் முந்தி வந்தவள். மன்னாரிலிருந்து வந்த ஆறாம் மாதமே மாலை வகுப்பில் சேர்ந்து இத்தாலியன் படித்துச் சான்றிதழும் எடுத்தேன். எங்கள் கோயில் பங்குச் சனத்தில் யாருக்கு விசாப் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவிலிருந்து கடிதம் வந்தாலும், அதை வாசிப்பிக்க என் வீட்டுப் படிதான் ஏறுவார்கள். றஜிதா ஊர்காவற்றுறைக்காரி. பதினான்கு வருடமாக ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கணவாய் கழுவுகிறாள். பேசினால் ஓரளவு விளங்கிக்கொள்வாள், ஆனால் ஒரு தாளைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பாள். அதிர்ஷ்டம் மட்டும் வழி கேட்காமல் அவள் வீட்டுக்கே போகும். நான் ஐந்து வருடம் கண் வைத்திருந்த பல்கணி வீடு அவளுக்குக் கிடைத்தது. அவளுடைய புருஷன் றொனி ஜெனோவாவில் வேலை செய்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் சாமானுடன் வந்து இறங்குவான். அவர்களுக்குச் சண்டை பிடிக்க நேரமே இல்லை. என்னுடைய ஏர்னஸ்ற் இங்கேயே துறைமுகத்தில் வேலை செய்வதால் எங்களுக்கு அதற்கு நேரம் தாராளம்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். இரண்டு பேரும் ஒரே வருடம்தான் பிள்ளைத்தாய்ச்சிகளாக இருந்தோம். பெண் பிறந்தால் றொசாலியா என்று இந்த ஊர்ப் புனிதையின் பெயரை வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, வெறுங்காலுடன் பெல்லெகிரினோ மலை ஏறியவள் நான். அவள் மூன்று கிழமை முந்திப் பெற்று அந்தப் பெயரை வைத்துவிட்டாள். ஒரே பூசைக்கு வருகிற இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயரா என்று நான் என் மகளுக்கு ஜூலி என்று வைத்தேன். பிறகு அந்த றொசாலியாவுக்கு ஞானத்தாயாக நில்லுங்கள் என்று றஜிதாவே வந்து என் கையைப் பிடித்தாள். மாட்டேன் என்றா சொல்ல முடியும்? ஞானஸ்நானத்தில் என் கையாலேயே பிள்ளையை ஏந்தி, என் வாயாலேயே அந்தப் பெயரைப் பாதருக்குச் சொன்னேன்.

இரண்டு பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு வயது நடந்த மார்ச் மாதத்தில், தமிழ்ப் பூசை முடிந்த பிறகு மண்டபத்துக்கு ஒரு படக்காரி வந்தாள். செரேனா என்று பெயர். துறைமுகத்தில் எடுக்கப்போகும் ஒரு படத்துக்குத் தமிழும் இத்தாலியனும் கதைக்கிற ஒரு சிறுமி வேண்டுமாம். சின்ன வேடமில்லை, படம் முழுக்க வருகிற பிள்ளை.

ஜூலியை நான் ஆயத்தப்படுத்தியிருந்தேன். கோயிலின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் நான்கு வருடம் தொடர்ந்து பரிசு வாங்கியவள் அவள். புத்தகத்தில் இருப்பதுபோல் இத்தாலியன் கதைப்பாள். கை எங்கே வைப்பது, எப்போது சிரிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன், ஒன்றையும் பிழைவிடவில்லை. றொசாலியா தலைகூடச் சீவி இழுக்காமல் வந்திருந்தாள். சந்தையில் மீன்காரன் கதைக்கிற இத்தாலியனில் செரேனாவுக்கு ஏதோ சொன்னாள், நடுவில் மறந்துபோய்த் தமிழில் "என்ன சொல்ல வந்தனான்?" என்று தாயிடம் கேட்டாள். மண்டபமே சிரித்தது. செரேனா சிரித்து முடிக்க முன்பே அவளுடைய பெயரை எழுதிவிட்டாள். ஜூலியின் பெயரை அதற்குக் கீழே எழுதி, முதல் பிள்ளைக்கு ஏதும் தடங்கல் வந்தால் இவள் என்றாள். பந்தாட்டத்தில் வாங்கில் குந்தியிருப்பவனுக்கு இங்கே ஒரு சொல் உண்டே, ரிசேர்வா. என் பிள்ளைக்கு அந்தச் சொல்லைச் சொன்னாள்.

அயல்வீட்டுக்காரி பிள்ளை பெற்றாளென்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்ட பழமொழிக்காரியை நான் எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவளுக்கு எங்கே நொந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. ஜூலிக்கு ஒன்றுமில்லை. வழி முழுக்க றோசா நடிக்கப் போகிறாள், றோசா நடிக்கப் போகிறாள் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். வாயை மூடு என்றேன்.

புதன்கிழமை பின்னேரம் றஜிதா தாள்களுடன் வந்தாள். வேறு யாரிடம் வருவாள்? பிள்ளைகள் இரண்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தின. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. சினிமா, நாடகம் என்றால் மட்டும் தொழில் அலுவலகம் பார்த்து அனுமதி கொடுக்கும். படிப்புக் கெடக் கூடாது. நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பிறகு பிள்ளையை நிறுத்தி வைக்கக் கூடாது, வேலை முடிந்தால் தொடர்ந்து பதினான்கு மணிநேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். இதை நான் தமிழில் சொல்லச் சொல்ல றஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கு இப்படி ஒரு தாளை யாரும் எழுதவில்லையே என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு நிமிடம் அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துக்கு இரண்டு கட்டங்கள். தாயும் தகப்பனும் இரண்டு பேரும் சம்மதித்து ஒப்பமிட வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. றஜிதா முதல் கட்டத்தில் தன் பெயரைக் குழந்தைப் பிள்ளை எழுதுவதுபோல் எழுதிவிட்டு, பேனையை என் பக்கம் நீட்டினாள்.

"மற்றதிலை நீங்கள் வையுங்கோ அக்கா. நீங்கள்தானே ஞானத்தாய். உங்கடை கையெழுத்துக் காணுந்தானே?"

அவள் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. றொனி இல்லாத வீட்டில் பிள்ளையின் தாள்களில் இரண்டாவது கையெழுத்து எப்போதும் என்னுடையதுதான். கோயிலில் முதல் நன்மை எடுத்தபோது நான்தான் வைத்தேன். பங்குச் சுற்றுலாவுக்கும் நான்தான். றஜிதா வேலைக்குப் போன நாட்களில் பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையைப் பொறுப்பேற்கும் தாளிலும் என் பெயர்தான் இருந்தது. ஞானத்தாய் என்றால் பாதித் தாய் என்று எங்கள் சனம் சும்மா சொல்வதில்லை. பாதர் ஏற்றுக்கொண்டதை, பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டதை, அரசாங்கம் மட்டும் வேண்டாம் என்றா சொல்லும் என்று அவள் நினைத்தாள்.

சொல்லும் என்று எனக்குத் தெரியும். இல்லை றஜிதா, இதற்குத் தகப்பன்தான் வைக்க வேண்டும், தாளைக் கப்பலில் அனுப்பு, றொனி வைத்துத் திருப்பி அனுப்பட்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஜெனோவாக் கப்பலில் சமைக்கிற அருளையா எங்கள் பங்குக் கோயில் ஆள்தான். நாலு நாளில் தாள் திரும்பி வந்திருக்கும். அறைக்குள்ளே ஜூலி, றொசாலியாவுக்குப் படக்காரி கொடுத்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையிலேயே ஜூலிக்குப் பாடமாகிவிட்டது. மற்றவள் பிழைவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காணும்," என்றேன்.

அகஸ்ரீனா என்று என் முழுப் பெயரையும் வடிவாக எழுதி வைத்தேன். கள்ளக் கையெழுத்து வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, என் பெயரைத்தானே வைத்தேன். என் அடையாள அட்டையின் பிரதியையும் கொடுத்தேன். றஜிதா இரண்டு கையாலும் தாளை வாங்கிப் பைக்குள் வைத்து, பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

படக்காரர்கள் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளின் தாள்களோடு கட்டி அனுப்பிவிட்டார்களாம். அதன் பிறகு பன்னிரண்டு நாட்கள். ஒவ்வொரு நாளும் நான் போனை எடுத்து அவளுடைய இலக்கத்தைப் பார்த்தேன். இன்று சொன்னால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பேன். உடனே பல்கணி வீடு நினைவுக்கு வரும், ரிசேர்வா என்ற சொல் நினைவுக்கு வரும், போனைக் கவிழ்த்து வைப்பேன். இந்த நாட்களில் றஜிதா இரண்டு தடவை கடையில் மிஞ்சிய இறால் கொண்டுவந்து தந்தாள். பொரித்துச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் செரேனா எனக்குப் போன் எடுத்தாள். றொசாலியாவின் தாளைத் தொழில் அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டதாம், தகப்பனின் கையெழுத்து இல்லையாம். நாளை மத்தியானத்துக்குள் மூலத் தாள் போய்ச் சேராவிட்டால் படப்பிடிப்பைத் தொடங்க முடியாது, தகப்பனோ ஜெனோவாவில். ஜூலியின் தாயும் தகப்பனும் இங்கேயே இருக்கிறீர்கள்தானே, உடனே வர முடியுமா என்று கேட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் ஏர்னஸ்றை வேலையிலிருந்து இரண்டு மணிநேரம் லீவு கேட்கவைத்து, பொலிதேயாமாவில் படக்காரர் வாடகைக்கு எடுத்திருந்த அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

படியேறிப் போனால் நடையில் றஜிதா உட்கார்ந்திருக்கிறாள். குசினிச் சட்டையோடு வந்திருந்தாள். அழுத கண். என்னைக் கண்டதும் எழும்பி வந்து, ஏர்னஸ்றுக்குக் கேட்காமல் என் காதுக்குள் சொன்னாள்.

"நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ அக்கா. நான் எல்லாம் சொல்லிப்போட்டன். உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜூலியைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். ஜூலிக்கென்றாலும் கிடைக்கட்டும், யாருடைய பிள்ளை என்றால் என்ன என்றாள். அவள் அதை மனதாரச் சொன்னாள். அவளுடைய பிள்ளைக்குக் கிடைத்தபோது எனக்கு அப்படி ஒரு வார்த்தை வாயில் வரவில்லையே. இந்த நல்ல குணத்தையும் இவளுக்குத்தானா கொடுக்க வேண்டும் என்று அந்த நடையில் நின்று கடவுளோடு கோபித்தேன்.

உள்ளே போய் ஏர்னஸ்ற் ஒப்பமிட்டான், நான் ஒப்பமிட்டேன். ஏர்னஸ்ற் உடனே வேலைக்குத் திரும்பினான். என் மகள் படத்தில் நடிக்கப் போகிறாள். எழும்பி வெளியே போவதுதான் மிச்சம். அப்போது செரேனா என் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

அவள் என்னோடு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, செவிடருக்குச் சொல்வதுபோல் கதைத்தாள். நீ பயம் வேண்டாம். நீ பிரச்சினை இல்லை. அப்படித்தான் கதைத்தாள், முழு வசனம் சொன்னால் எனக்கு விளங்காது என்பதுபோல. போனிலும் அப்படித்தான் கதைத்திருந்தாள், சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை. பிறகுதான் கதை வந்தது. றஜிதா காலையிலேயே வந்து கெஞ்சினாளாம். அகஸ்ரீனாவுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை, நான் வை என்று சொன்ன இடத்தில் வைத்தாள், அவளுடைய வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது, தயவு செய்து குவெஸ்தூராவுக்கு எழுதிவிடாதீர்கள், பிழை முழுக்க என்னுடையது என்று சொன்னாளாம். செரேனா இரக்கத்தோடு தலையை ஆட்டினாள். எத்தனை வருடம் ஆனாலும் உங்களுக்கு எங்கள் மொழி கஷ்டம்தான் என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. பதினெட்டு வருடம் இந்த ஊரில் என்னிடம் இருந்த ஒரே சொத்து இந்த மொழிதான். அதை, தாளைத் தலைகீழாகப் பிடிக்கிறவள் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதுவும் என்னைக் காப்பாற்றுவதற்காக! பேசாமல் எழும்பிப் போயிருக்கலாம். மனச்சாட்சி உறுத்திச் சொன்னேன் என்று சொன்னால் அதுவும் பொய். அவள் எனக்கு இரங்கினாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கதவைத் திறந்து றஜிதாவை உள்ளே கூப்பிட்டேன். அவளை வைத்துக்கொண்டு, என் மாலை வகுப்பு ஆசிரியை கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள் என்ற மாதிரியான இத்தாலியனில் செரேனாவுக்குச் சொன்னேன். அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் நான் வாசித்தேன். தாயும் தகப்பனும் ஒப்பமிட வேண்டும் என்று இருந்தது. என் கையெழுத்துச் செல்லாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

செரேனா என்னைப் பார்த்தாள், பிறகு றஜிதாவைப் பார்த்தாள். ஜூலியின் தாளை எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டு, இதை இன்றே கொடுக்க வேண்டும் என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட்டாள்.

றஜிதாவுக்கு எல்லாச் சொல்லும் விளங்கியிருக்காது. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது.

"வாசிச்சனீங்களோ அக்கா?"

"ஓம்."

"விளங்கித்தான் வைச்சனீங்களோ?"

"ஓம்."

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கும் திருப்பி ஏச ஏதாவது கிடைத்திருக்கும். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்டைக்கு உங்கடை வீட்டிலையிருந்து போகேக்கை பிள்ளை பஸ்ஸிலை அந்தத் தாளை எடுத்து வாசிச்சவள். அம்மா, இதிலை அப்பாதான் வைக்கவேணும் எண்டு கிடக்கு, ஞானத்தாய் வைச்சது பிழை எண்டு சொன்னவள். அவவை விட உனக்குத் தெரியுமோ, அவ என்ன பொறாமையிலை பிழையா வைச்சவவோ எண்டு கேட்டு, நான் அவளின்ரை வாயிலை அடிச்சனான். சொண்டு வெடிச்சு ரத்தம் வந்தது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் றொசாலியாவின் சொண்டு வீங்கியிருந்ததை நான் கண்டேன். இந்தச் சொண்டோடு கமராவுக்கு முன்னால் எப்படி நிற்பாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சமாதானம் சொல்லும் நேரம் அவள் வந்து எனக்குக் கை தந்தாள், நானும் கொடுத்தேன்.

றஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். எந்தத் தாள் வந்தாலும் என்னைப் பார்ப்பாளே, அப்படியே பார்த்தாள்.

"இப்ப வீட்டை போய் அவளுக்கு நான் என்ன சொல்லுறது அக்கா?"

எனக்குத் தெரியாது என்றேன்.